சங்குமணல் டவர் வளர்ந்த கதை

எங்கள் சங்குமணல் ரேடியோ டவர் வளர ஆரம்பித்தது அதை இழுத்து மூடிய பிறகுதான். விவசாயிக்கு உரம் சொல்லி, மீன்காரனுக்குக் காற்று சொல்லி, மத்தியானம் நேயர் விருப்பம் போட்டுக்கொண்டிருந்த காலமெல்லாம் ஒரு விரற்கடைகூட அசையாமல் நின்ற டவர், ஒலிபரப்பை நிறுத்தி, ஆபீசைப் பூட்டி, சாவியை யாரிடம் ஒப்படைப்பது என்று தெரியாமல் வாட்ச்மேன் அதை வேப்பமரத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போன வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்து ஜனம் கோயிலை விட்டு வெளியே வருகிற நேரத்தில் ஒரு முழம் வளர்ந்தது. பார்த்தவர்கள் பார்த்தார்கள். "டவர் வளந்திருக்கு போல" என்று சொல்லிவிட்டுக் கறி எடுக்கப் போனார்கள்.

நான் மைக் செட் போடுகிற மிக்கேலம்மாளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, ஆப்பம் சுட்டு விற்கிறவள். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும், அந்த டவர் வளர்ந்த நீளத்துக்கு என் வாய் ஒன்றும் வளரவில்லை.

டவர் ஏன் வளர்கிறது என்று யாரும் தேடிப் போகவில்லை, காரணம் தானாகவே டீக்கடைக்கு வந்து உட்கார்ந்தது. எங்கள் ஊரில் ரேடியோ பைத்தியம் பிடித்த கிழவர்கள் நாலு பேர் உண்டு. கப்பலில் வயர்லெஸ் ஆபீசராக இருந்த ராயப்பன், எங்கள் நிலையத்தில் பயிர்ச்செய்தி வாசித்த ஆவுடையப்பன், பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்திய ஹென்றி வாத்தியார், டிரான்ஸ்மிட்டர் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற தாணுலிங்கம். ரேடியோவில் தாங்களே பேச ஆளுக்கொரு லைசென்ஸ், பேசவும் கேட்கவும் ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு மொட்டைமாடிக் கம்பி. ஞாயிற்றுக்கிழமை காலையானால் நாலு பேரும் அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடியே காற்றில் கூடிப் பேசுவார்கள், அதற்கு நெட் என்று பேர். நாலு வீடும் ஒரே தெருவில்தான், ஜன்னலைத் திறந்தாலே பேசிக்கொள்ளலாம், ஆனால் ஜன்னல் வழியாகப் பேச லைசென்ஸ் வேண்டாம் என்பதால் அதில் அவர்களுக்கு ருசியில்லை. டீக்கடையில் ஒரு பெட்டியும் குழாய் ஸ்பீக்கரும் வைத்து ஊரே அந்தப் பேச்சைக் கேட்கும்.

பேச்செல்லாம் பழம்பெருமைதான். "டவரோட கடைசித் துண்ட மேல ஏத்தினப்போ நானும் ஒரு கயிறு புடிச்சேன்லா" என்றார் ராயப்பன். அன்றைக்கு அவர் நடுக்கடலில் இருந்தார் என்பது அவர் பெண்சாதிக்கே தெரியும். டவர் ஒரு முழம் வளர்ந்தது. "கயிறு புடிச்சீரு சரி, எந்தப் பக்கம் புடிக்கணும்னு சொன்னது யாருவே?" என்றார் ஆவுடையப்பன். இன்னொரு முழம். ஹென்றி வாத்தியார் மெதுவாகத் தொண்டையைக் கனைத்து, டவர் எவ்வளவு உயரம் வேண்டும் என்று கணக்குப் போட்டு டெல்லிக்கு அனுப்பியதே தான்தான், தன்னடக்கத்தால் இத்தனை வருஷம் வெளியே சொல்லவில்லை என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை டவர் ஒரு பனை உயரம் எழும்பிற்று, உச்சியில் கூடு கட்டியிருந்த பருந்து பயந்துபோய் பக்கத்து ஜில்லாவுக்குக் குடிபெயர்ந்தது.

தாணுலிங்கம் மட்டும் பெருமையடிக்கமாட்டார். நெட்டை நடத்துகிறவர் அவர்தான், "அடுத்தவர் வரலாம்" என்பதற்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார். மனுஷனுக்கு எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று ஊர் மெச்சிக்கொண்டது. அடக்கமாவது மண்ணாவது. அது பயம், எதைப் பற்றிய பயம் என்று சொல்கிறேன்.

அதற்கு முன்னால் இந்த ரேடியோக்காரர்களின் மரியாதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருத்தர் பேசி முடித்தால் அடுத்தவர் முதலில் சொல்ல வேண்டியது, உங்கள் பேச்சு எனக்கு எப்படி வந்தது என்று. தெளிவுக்கு ஐந்து வரை மார்க்கு, பலத்துக்கு ஒன்பது வரை மார்க்கு, முழு மார்க்கு வாங்கினால் ஃபைவ் நைன். யாரும் யாருக்கும் ஃபைவ் நைனுக்குக் குறைந்து கொடுத்ததாக எங்கள் ஊரில் சரித்திரம் இல்லை. "உங்க சிக்னல் ஃபைவ் நைன், பிரமாதம், என்ன சொன்னியன்னு மட்டும் இன்னொருக்க சொல்லுங்க" என்பார்கள். பந்தியில் உட்கார்ந்துகொண்டு சாம்பாரில் உப்பில்லை என்று எவன் சொல்வான்? அந்த மரியாதைதான் இது.

அந்த மரியாதையில் நசுங்கினவள் மிக்கேலம்மாள்.

டவர் திறப்பு விழா அன்று அவள் குமரி. தானே கம்பி சுற்றி, தானே ஈயம் பற்றவைத்து ஒரு ரேடியோ செய்து வைத்திருந்தாள். புது நிலையத்தில் ஒலிபரப்பைக் கேட்டுக் குறை கண்டுபிடிக்க ஓர் ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு மனுப் போட்டிருந்தாள். கேட்பதற்கே உத்தியோகம்! தனக்கென்றே படைத்த வேலை என்று நினைத்தாள், நினைத்ததில் தப்பில்லை. திறப்பு விழாவுக்கு மந்திரி வந்தார், மைக் முன்னால் முக்கால் மணி நேரம் பேசினார், அவர் பேசியது அவ்வளவும் பின்னறையில் இருந்த ஓர் எண்ணெய் டிரம்முக்குள் போயிற்று. டிரான்ஸ்மிட்டரை வெளியே கேட்காமல் சோதித்துப் பார்க்க அப்படி ஒரு டிரம் வைத்திருப்பார்கள், டம்மி லோடு என்று சொல்வார்கள், எத்தனை சத்தம் கொடுத்தாலும் விழுங்கிச் சூடாகுமே தவிர வெளியே ஒரு முணுமுணுப்பு விடாது. சோதனை முடிந்ததும் சுவிட்சை டம்மியிலிருந்து டவருக்கு மாற்ற வேண்டியவர் அன்றைய சின்ன என்ஜினியர் தாணுலிங்கம். மந்திரிக்கு வாங்கிய ரோஜா மாலை வாடிவிட்டது, வேறு வாங்கி வா என்று அவரை விரட்டினார்கள், ஓடினார், மறந்தார். விவசாயம், வளர்ச்சி, தமிழின் தொன்மை எல்லாம் எண்ணெயில் பொரிந்தது. சாயங்காலம் டிரம்மைத் தொட்டுக் கை சுட்ட பிறகுதான் தாணுலிங்கத்துக்கு விஷயம் விளங்கிற்று. இதெல்லாம் பிற்பாடு அவர் வாயாலேயே வந்தது.

அதற்குள் ஜில்லா முழுக்க ரேடியோ ஆர்வலர்கள் பேச்சு எப்படிக் கேட்டது என்று நிலையத்துக்குக் கார்டு போட்டுவிட்டார்கள். தெளிவு, அபாரம், கோயில் மணி மாதிரி இருந்தது, ஃபைவ் நைன். ராயப்பன் எந்தக் கடலில் இருந்தாரோ, அங்கிருந்தும் ஒரு ஃபைவ் நைன் வந்தது. மிக்கேலம்மாள் ஒருத்திதான் காலையிலிருந்து காதைப் பெட்டியோடு ஒட்டிவைத்துக் காத்திருந்துவிட்டு எழுதிப் போட்டாள், ஒன்றும் கேட்கவில்லை என்று.

பெரிய என்ஜினியர் அதைப் படித்துச் சிரித்தார். தாணுலிங்கம் நடுங்கிக்கொண்டே சுவிட்ச் சங்கதியைச் சொல்லிப் பார்த்தார். "ஏம்ப்பா, இத்தனை பேர் கேட்டேன்னு எழுதியிருக்கான். நீ போகலைன்னு சொன்னா இவங்க அத்தனை பேரும் பொய்யனா? மந்திரி பேச்சு போனதாவே இருக்கட்டும்" என்றார் பெரியவர். போனதாகவே இருந்தது. கேட்கிற உத்தியோகம் வேறு யாருக்கோ போயிற்று. மிக்கேலம்மாளுக்குச் செவிட்டு மிக்கேலம்மா என்ற பேர் வந்தது. பெண் பார்க்க வந்த வீட்டுக்காரர்கள் அந்தப் பேரைத் தெருமுனையிலேயே கேட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள்.

அவள் முடங்கவில்லை. உப்பளத்தோரம் இருக்கிற தகப்பன் வீட்டில் மைக் செட் போட்டாள். கல்யாணம், சாவு, கோயில் கொடை, எலெக்‌ஷன் எல்லாவற்றுக்கும் அவள் குழாய்தான் கட்டுவார்கள். அவள் கட்டினால் கடைசி வரிசைக்கும் கேட்கும், ஊளையிடாது. அடுத்த தெருவில் குழாய் பேசினால் எந்தக் குழாயில் சவ்வு கிழிந்திருக்கிறது என்று இங்கே கஞ்சி குடித்துக்கொண்டே சொல்வாள். அந்தக் காதை வைத்துத்தான் ஊரே நல்லது கெட்டதைக் கேட்டது, இருந்தும் புக் பண்ண வருகிறவன் என் அடுப்பு முன்னால் நின்று "செவிட்டு மிக்கேலம்மா வீடு எதுக்கா?" என்று கேட்பான். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு ஆப்பச் சட்டுவத்தால் வழி காட்டுவேன்.

சரி, டவருக்கு வருகிறேன். பொய்க்குத்தான் வளர்கிறது என்று தெரிந்த பிறகு எங்கள் ஊர் வெட்கப்பட்டிருக்கும் என்று நினைத்தீர்களானால் உங்களுக்கு எங்கள் ஊரைத் தெரியவில்லை. பக்கத்து ஊர்க் கோயில் கோபுரத்தைத் தாண்டிய அன்று வெடி போட்டார்கள். ஆளுங்கட்சிக்காரர் இது எங்கள் ஆட்சியின் வளர்ச்சி என்று பேனர் கட்டினார், எதிர்க்கட்சிக்காரர் வித்து எங்கள் ஆட்சியில் போட்டது என்று அதற்கு மேலே ஒரு பேனர் கட்டினார். தாலுகா ஆபீசிலிருந்து, அனுமதியில்லாமல் உயரத்தைக் கூட்டியது ஏன் என்று விளக்கம் கேட்டு டவர் பேருக்கே நோட்டீஸ் வந்தது, வாங்கிக்கொள்ள ஆளில்லாததால் டவர் காலிலேயே ஒட்டிவிட்டுப் போனார்கள். காலை நிழல் கருவேலங்காட்டைத் தாண்டி அடுத்த ஊர் பஸ் ஸ்டாப்பில் விழுந்தது, அந்த ஊர்க்காரர்கள் நிழலில் நின்று பழகி, மேகமூட்டமான நாளில் நிழல் வரவில்லை என்று எங்கள் பஞ்சாயத்தில் வந்து சண்டை போட்டார்கள். உப்பள முதலாளிகள் டவர் மேகத்தைக் கிழித்துவிடும், மழை கொட்டினால் உப்பு கரைந்துபோகும் என்று பயந்து, மேகத்துக்கு வழி விடச் சொல்லி உச்சியில் ஒரு சிவப்புக் கொடி கட்டவைத்தார்கள். கொடி கட்ட ஏறினவனுக்கு மத்தியானச் சோறு கயிற்றில் போயிற்று. ஞாயிறு காலையில் கிழவர்கள் வீட்டுக்குச் சுக்குக் காப்பியும் தொண்டைக்குப் பனங்கல்கண்டும் ஊர்ச் செலவில் போயின. "பெரியவரே, இன்னைக்கு ஏதாச்சும் பெருசா எடுத்து விடுங்க" என்று இளவட்டங்கள் ஜன்னலில் நின்று கெஞ்சினார்கள். கெஞ்சவேண்டிய அவசியமே இல்லை.

எல்லாருக்கும் சந்தோஷம், ஒருத்தியைத் தவிர. டவர் தன் காலில் நிற்பதில்லை. மூன்று பக்கமும் ஸ்டே கம்பி இழுத்து, கம்பியின் நுனியைத் தரையில் ஆளுயரக் கான்கிரீட் கட்டையில் கட்டியிருப்பார்கள். டவர் உயர உயரக் கட்டை தள்ளிப் போனால்தான் கம்பிக்குச் சரிவு கிடைக்கும் என்று ஹென்றி வாத்தியார் விளக்கினார். கட்டைக்கு யாரும் விளக்கவில்லை, அதற்கே தெரிந்திருந்தது. மேற்குக் கட்டை கருவேலங்காட்டுக்குள் போயிற்று, வடக்குக் கட்டை புறம்போக்கில் போயிற்று. தெற்குக் கட்டை உப்புப் பாத்திகளை உழுதுகொண்டு, ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் கொஞ்சமாக, மிக்கேலம்மாள் வீட்டைப் பார்த்து நடந்து வந்தது. முதலில் முருங்கை மரத்தைச் சாய்த்தது, பிறகு கோழிக்கூட்டை. கடைசியில் வந்து, அவள் ஆம்ப்ளிபயரும் குழாயும் அடுக்கி வைத்திருக்கிற அறையின் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றது.

மிக்கேலம்மாள் பஞ்சாயத்துத் தலைவரிடம் போனாள். "யக்கா, ஊருப் பெருமை வளருது. நீங்க ஒரு செவுரப் பாக்குதியளே" என்றார் தலைவர். கிழவர்களிடம் போனாள். அவர்களுக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாகிவிட்டது, இனிமேல் நெட்டில் தற்பெருமை கிடையாது என்று சத்தியம் செய்தார்கள். அடுத்த ஞாயிறு ஆவுடையப்பன் மைக்கை எடுத்து, "ஆயுசில் நான் பெருமையடித்ததே இல்லை என்பது நேயர்களுக்குத் தெரியும்" என்று ஆரம்பித்தார். சுவரில் விரிசல் விழுந்தது. "என்னைவிட அடக்கமானவன் இந்தக் கடற்கரையிலேயே கிடையாது" என்றார் ராயப்பன். காரை உதிர்ந்தது.

அன்று மத்தியானம் மிக்கேலம்மாள் என் அடுப்பு முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை, கண் மட்டும் சிவந்திருந்தது.

"இன்னும் ஒரு ஞாயித்துக்கெழம தாங்காதுட்டி" என்றாள். "செவுரு போனா வீடும் போகும். எங்கய்யா கட்டின வீடு. எனக்குன்னு வேற என்ன இருக்கு?"

"என்ன செய்யப்போறீங்கக்கா?"

"பொய்க்கு ஏறுதுன்னா மெய்க்கு எறங்கணும்லா?"

"அப்பம் நீங்களே போய் அந்த நெட்டுல ஒரு மெய்யச் சொல்லுங்க."

"நான் நாப்பது வருஷமாச் சொல்லிட்டுத்தான் இருக்கேன். செவிடி சொன்னா எறங்குமா? சொல்ல வேண்டியவன் சொல்லணும். அந்த நாலு பேருல ஒருத்தனாச்சும் ஒரே ஒருக்கக் கேக்கலன்னு சொல்லட்டும், அது போதும்."

அவளிடமும் ஒரு லைசென்ஸ் இருந்தது. கேலிக்குப் பயந்து நெட்டுக்குப் போனதில்லை. அந்த வாரம் சொல்லி அனுப்பினாள், ஞாயிற்றுக்கிழமை தானும் வருவதாகவும், நாலு பேரும் தன் பேச்சைக் கேட்டு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும் என்றும். கிழவர்களுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஞாயிறு காலை நான் ஆப்பக்கடையைச் சாத்திவிட்டு அவள் அறையில் போய் நின்றேன். சுவருக்கு வெளியே கட்டை மாடு உரசுகிற மாதிரி லேசாக உரசிக்கொண்டிருந்தது. தாணுலிங்கம் "மிக்கேலம்மா வரலாம்" என்று கூப்பிட்டார். அவள் எழுந்து, பெட்டியின் பின்பக்கம் போய், மாடிக்குப் போகிற கம்பியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு குண்டு பல்பை மாட்டினாள்.

"என்னக்கா இது?"

"டம்மி. அன்னைக்கு மந்திரி பேச்சு இப்படித்தான் போயிருக்கும். நாப்பது வருஷமா யோசிச்சுப் பாத்துட்டேன், வேற வழியே இல்ல."

மைக்கை எடுத்துப் பேச ஆரம்பித்தாள். அம்மாடி, என்ன பேச்சு! அவள் பேசினால் பல்ப் எரிந்தது, மூச்சு வாங்கினால் அணைந்தது. ராயப்பன் கயிற்றை இழுத்து, ஆவுடையப்பன் குரலைக் கிழித்து, ஹென்றி வாத்தியார் கணக்கை அழித்து, மெச்சிக்கொண்டு நின்ற ஊரை முச்சந்தியில் நிறுத்தி, தெருமுனையோடு திரும்பிப்போன மாப்பிள்ளை வீட்டாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வராத உத்தியோகத்தை, வராத பிள்ளையை, நாற்பது வருஷம் நெஞ்சில் கட்டிவைத்த அத்தனையையும் எடுத்து அவள் வைத பேச்சில் அந்த அறை பட்டப்பகலில் மஞ்சளாக எரிந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒரு சொல் வெளியே போகவில்லை. பேசி முடித்து, பல்பைக் கழற்றி, கம்பியை மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்தாள்.

டீக்கடையில் நடந்ததை என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். குழாயில் இரைச்சலைத் தவிர ஒன்றும் வரவில்லை, ஆனால் எல்லாரும் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். கிழவர்கள் கதையும் அதுதான். ஆளுக்கு ஒரு பயம், தன் பெட்டி கெட்டுப்போயிற்றோ, தன் காது போயிற்றோ என்று. காது போனதை எந்த ரேடியோக்காரன் ஒப்புக்கொள்வான்?

"ராயப்பன் பேசுதேன். ஃபைவ் நைன், மிக்கேலம்மா. கண்ணாடி மாதிரி இருந்தது." கட்டை ஒரு தள்ளு தள்ளியது, விரிசலில் வெளிச்சம் தெரிந்தது.

"ஆவுடையப்பன். ஃபைவ் நைன். அருமையான உச்சரிப்பு, முக்கியமா அந்த ழகரம்." அடுக்கிலிருந்து ஒரு குழாய் உருண்டு விழுந்தது. டீக்கடையில் ஆமா ஆமா என்று தலையாட்டினார்களாம்.

"ஹென்றி. ஃபைவ் நைன். எங்களப் பத்தி நாலு வார்த்தை நல்லதாச் சொன்னீங்க, கண்ணு கலங்கிட்டு." சுவரின் மேல்பாதி உள்பக்கமாகப் புடைத்தது. நான் மிக்கேலம்மாளின் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். அவள் நகரவில்லை. "இன்னும் ஒருத்தரு இருக்காருட்டி" என்றாள்.

பெட்டியில் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. ராயப்பன் குறுக்கே வந்து, "தாணு, ஃபைவ் நைன் குடுத்துட்டு முடிச்சிரும்வே, காப்பி ஆறுது" என்றார். மறுபடியும் இரைச்சல். பிறகு தாணுலிங்கத்தின் கிழட்டுக் குரல் வந்தது.

"எனக்கு ஒண்ணும் கேக்கல, மிக்கேலம்மா."

கட்டை உரசுவது நின்றது.

"இன்னைக்கும் ஒண்ணும் வரல. அன்னைக்கும் ஒண்ணும் போகல. சுவிட்ச டம்மியிலயே விட்டவன் நான்தான். நீங்க ஒருத்திதான் சரியாக் கேட்டீங்க. உங்க காதுல ஒரு கோளாறும் இல்ல, எந்தக் காலத்துலயும் இருந்ததில்ல."

சுவருக்கு வெளியே கட்டை ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, வந்த வழியே, உப்புப் பாத்திகளை இரண்டாவது தடவையாக உழுதுகொண்டு திரும்பிப் போயிற்று. டவர் மேகத்திலிருந்து இறங்கிற்று, கோபுரத்துக்குக் கீழே இறங்கிற்று, பனைக்குப் பனை இறங்கி, திறப்பு விழா அன்று நின்ற உயரத்தில் வந்து நின்றது. டீக்கடையில் ஒருத்தர், "நானும் அப்பமே நெனச்சேன், ஒண்ணுமே கேக்கலியேன்னு" என்றாராம். அதற்குள் பெட்டியில் ராயப்பன் வந்துவிட்டார், "உள்ளதச் சொன்னா, முதல்ல கேக்காதவன் நான்தான்." "உமக்கு முன்னாடியே எனக்குக் கேக்கலவே" என்றார் ஆவுடையப்பன். டவர் ஒரு சாண் வளர்ந்தது.

மிக்கேலம்மாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு மைக்கை எடுத்தாள். கிழவர்கள் பேச்சு ஓயட்டும் என்று காத்திருந்தாள்.

"தாணுலிங்கம் அண்ணாச்சி" என்றாள். "நல்லாக் கேக்குது. ஃபைவ் நைன்."

மேஜைமேல் கழற்றி வைத்திருந்த பல்பைப் பார்த்தேன். அது எரியவில்லை. மாடிக் கம்பி வழியாக அந்தப் பேச்சு வெளியே போய், டீக்கடைக் குழாயிலிருந்து திரும்பி எங்கள் தெரு வரைக்கும் கேட்டது.